சாகசப் படங்களுக்கும் இளையோர் ஃபேன்டஸி நாவல்களுக்கும் மதிப்புரை எழுதத் தொடங்குவோருக்கு: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கான வழிகாட்டி

குடும்பத்தோடு இருந்து பார்க்கத்தக்க சாகசத் திரைப்படங்களுக்கும் பதின்ம வயதினருக்கான ஃபேன்டஸி நாவல்களுக்கும் சில காலமாகத் தமிழில் மதிப்புரை எழுதி வருகிறேன். எழுதத் தொடங்கியபோது புத்தகத்தை எங்கே பெறுவது, எதற்கு எவ்வளவு செலவாகும், எழுதியதை எந்த வடிவில் அனுப்புவது என்று சொல்லித்தர மட்டக்களப்பில் எனக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, செய்யவேண்டியவற்றைச் செய்யவேண்டிய வரிசையிலேயே இங்கு தருகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு விடயத்தை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். இவ்வகை மதிப்புரைக்கு எப்போதும் இரண்டு வாசகர்கள் உண்டு: காசும் அனுமதியும் கொடுக்கும் பெரியவர் ஒருவர், பார்க்கப்போகிற அல்லது வாசிக்கப்போகிற பிள்ளை மற்றவர். பெரியவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று முழுமையாகத் தெரியவேண்டும். பிள்ளைக்கோ அது தெரியவே கூடாது. கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை இந்த முரண்பாட்டைச் சமாளிக்கும் வழிகளே.

1. யாருக்காக எழுதுகிறீர்கள் என்பதை வயதோடும் மொழியோடும் முடிவுசெய்யுங்கள்

ஆங்கிலப் பதிப்புலகில் 8 முதல் 12 வயது வரையானவர்களுக்கான நூல்கள் ஒரு பிரிவாகவும், 12 முதல் 18 வரையானவர்களுக்கான இளையோர் நூல்கள் இன்னொரு பிரிவாகவும் வெளியிடப்படுகின்றன. கதாநாயகரின் வயது பொதுவாக வாசகரின் வயதைவிட ஓரிரண்டு ஆண்டுகள் கூடுதலாக இருக்கும் என்பதால், அந்த வயதைப் பார்த்தே நூலின் பிரிவை ஓரளவு ஊகித்துவிடலாம்.

ஆனால் நமது பகுதியில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. தமிழ்மொழி மூலம் படிக்கும் 14 வயதுப் பிள்ளைக்கு இளையோர் நாவலின் கதையில் ஆவல் இருக்கும். அதன் ஆங்கிலம் கனத்துவிடும். அதே பிள்ளைக்கு 8–12 பிரிவு நூலொன்றின் ஆங்கிலம் சரியாக இருக்கும், ஆனால் அட்டையைப் பார்த்ததும் “இது சின்னப் பிள்ளைகளின்ர புத்தகம்” என்று தள்ளி வைத்துவிடும். ஆகவே கதைக்கு ஏற்ற வயது, மொழிக்கு ஏற்ற வகுப்பு என இரண்டு அளவுகளையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். “கதை 12 வயதுக்கு மேல், ஆங்கிலம் 9ஆம் வகுப்பு மாணவர் அகராதியின் துணையோடு வாசிக்கத்தக்கது” என்ற ஒரே வரி, நடையின் அழகைப் பற்றிய ஒரு பந்தியைவிடத் தாய்மாருக்குப் பயன்படும்.

2. புத்தகத்தைப் பெறுதல்: ஆவணங்களும் செலவும்

இறக்குமதியாகும் ஆங்கில இளையோர் நாவல் ஒன்றின் விலை ஆயிரக்கணக்கான ரூபாய்களில் இருப்பதால், எல்லாவற்றையும் வாங்கி எழுத முடியாது. முதலில் நூலக அங்கத்துவத்தைப் பெறுங்கள். மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று முதலிய இடங்களின் பொது நூலகங்கள் உள்ளூராட்சி மன்றங்களின் கீழ் இயங்குகின்றன. விண்ணப்பப் படிவத்தோடு தேசிய அடையாள அட்டையின் பிரதி, வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தரின் சான்று, புகைப்படம், பிணையாளி ஒருவரின் கையொப்பம் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருங்கள். கட்டணமும் வைப்புப்பணமும் மன்றத்துக்கு மன்றம் வேறுபடுவதால், படிவம் எடுக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பலரும் தடுக்கி விழுவது பிணையாளி விடயத்தில்தான். அவர் அந்த மன்றத்தின் எல்லைக்குள் ஆதனவரி செலுத்துபவராகவோ அரச உத்தியோகத்தராகவோ இருக்கவேண்டும் என்று பெரும்பாலும் கேட்கப்படும். கல்லடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, செங்கலடியில் வீடு வைத்திருக்கும் மாமாவிடம் கையொப்பம் வாங்கிச் சென்றால், அது வேறு உள்ளூராட்சி மன்றத்தின் எல்லை என்று படிவம் திரும்பி வந்துவிடும். படிவத்தை எடுப்பதற்கு முன்பே பிணையாளியைப் பிடித்துவிடுங்கள்.

இரவல் தவணை பல நூலகங்களில் 14 நாட்கள். 400 பக்க நாவலொன்றை முடிக்க அது போதுமா என்று கணக்கிட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு 300 சொற்கள் என்றால் மொத்தம் 1,20,000 சொற்கள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக வாசிக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 150 சொற்கள் வாசிப்பதாக வைத்துக்கொண்டாலும் 800 நிமிடங்கள், அதாவது 13 மணித்தியாலங்களுக்கு மேல் தேவை. நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் தவணையின் கடைசி நாளில்தான் முடிப்பீர்கள். குறிப்பெடுக்க நேரம் இராது. எனவே தவணையை நீடிக்க முடியுமா என்பதை முதல் நாளே கேளுங்கள். வேறொருவர் அதே நூலுக்குப் பதிந்து வைத்திருந்தால் நீடிப்புக் கிடைக்காது.

வாங்கத்தான் வேண்டுமென்றால், ஆண்டுதோறும் செப்டெம்பரில் கொழும்பு பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடைபெறும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி வரை காத்திருங்கள். இரவு ரயிலில் போய் மறுநாள் இரவு ரயிலில் திரும்பினால் தங்குமிடச் செலவு மிச்சம். அங்கே தொடர் நாவல்களின் நான்காம் பாகமும் ஆறாம் பாகமும் மலிவாகக் குவிந்திருக்கும். முதற்பாகம் கையில் இல்லாமல் அவற்றை வாங்காதீர்கள். ஃபேன்டஸித் தொடரின் நடுப்பாகத்தைத் தனியே மதிப்பிட முடியாது.

இலங்கைத் தமிழ்ச் சிறுவர் நூல்களையும் பழைய சஞ்சிகைகளில் வந்த மதிப்புரைகளையும் பார்க்க, 2005 முதல் இயங்கும் “நூலகம்” என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்தை இணையத்தில் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். புதிய வெளிநாட்டு நாவல்களை அங்கே தேட வேண்டாம். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் களவுப் பிரதிகளை வைத்து எழுதுவதை அறவே தவிர்த்துவிடுங்கள். சட்டப் பிரச்சினை ஒருபுறம் இருக்க, அவற்றில் பக்கங்கள் விடுபட்டிருக்கும். விடுபட்ட அத்தியாயத்தைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டால் உங்களிடம் பதில் இராது.

3. படத்தைப் பார்த்தல்: டேட்டாக் கணக்கு

தமிழ் டப்பிங்கோடு வரும் பெரிய சாகசப் படங்கள் திரையரங்குக்கு வந்தால் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். மற்றவற்றை இணையத்தில்தான் பார்க்கவேண்டியிருக்கும். சாதாரணத் தரத்தில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபியும், உயர் தரத்தில் 3 ஜிபி வரையும் டேட்டா செலவாகும். 110 நிமிடப் படமொன்றை உயர் தரத்தில் பார்த்தால் 5.5 ஜிபி; மதிப்புரைக்காக இரண்டாம் தடவையும் பார்த்தால் 11 ஜிபி. இதைப் பகல் டேட்டாவில் செய்தால் மாதம் முடிவதற்கு முன்பே பெக்கேஜ் முடிந்துவிடும். நைட் டேட்டா உள்ள பெக்கேஜாக இருந்தால் இரவில் ஒரே தடவை பதிவிறக்கி வைத்துக்கொண்டு, எத்தனை தடவை வேண்டுமானாலும் பாருங்கள். சில தளங்களில் பதிவிறக்கிய படம், பார்க்கத் தொடங்கி 48 மணித்தியாலங்களில் காலாவதியாகிவிடும். ஆகவே இரண்டு பார்வைகளுக்கும் நேரம் இருக்கும் வார இறுதியிலேயே தொடங்குங்கள். மாரி காலத்தில் மின்சாரம் அடிக்கடி போகும் என்பதால் நவம்பர், டிசம்பர் மாதங்களில் இதற்கு இன்னும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதற் பார்வையைத் தனியே பாருங்கள். இரண்டாம் பார்வைக்கு, அந்தப் படம் யாருக்காக எடுக்கப்பட்டதோ அந்த வயதுப் பிள்ளை ஒன்றையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது திரையைப் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள். எந்த நிமிடத்தில் தலையணையைத் தூக்கி முகத்தை மறைத்தது, எந்த நிமிடத்தில் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனது, “மறுகா என்ன நடக்கும் மாமி?” என்று எங்கே கேட்டது என்பவற்றை நிமிடக் கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள். பயமும் சலிப்பும் ஆவலும் எங்கே வருகின்றன என்பதை இந்தக் குறிப்பைவிடச் சரியாக எந்த வளர்ந்தவராலும் சொல்ல முடியாது.

டப்பிங்கைப் பற்றித் தனியே ஒரு வரி எழுதுங்கள். சென்னைப் பேச்சில் எழுதப்பட்ட நகைச்சுவை வசனங்கள் கல்முனையில் ஒரு பிள்ளைக்குச் சிரிப்பைத் தராமல் போகலாம். அது மூலப் படத்தின் குறையன்று. ஆங்கில மூலத்தையும் தமிழ் வடிவத்தையும் பத்து நிமிடமாவது ஒப்பிட்டுப் பார்த்தால் இது பிடிபடும்.

4. தரச்சான்றை வாசிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்கப் படங்களில் ஜி (எல்லா வயதினருக்கும்), பிஜி (பெற்றோர் வழிகாட்டலோடு), பிஜி-13, ஆர் (17 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் பெரியவர் ஒருவரோடு மட்டும்) என்ற குறிகள் இருக்கும். பிஜி-13 என்பது 13 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குச் சில பகுதிகள் பொருத்தமற்றவையாக இருக்கலாம் என்று பெற்றோருக்குச் சொல்லும் எச்சரிக்கை மட்டுமே, தடையன்று. பிரித்தானியாவின் 12ஏ குறி, 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை திரையரங்கில் வளர்ந்தவர் ஒருவரோடு இருக்கவேண்டும் என்பதைக் குறிக்கிறது. இந்தியாவில் முன்பு யூ (எல்லோருக்கும்), யூஏ (பெற்றோர் வழிகாட்டலோடு), ஏ (வளர்ந்தவருக்கு மட்டும்) என்று பொதுவாக இருந்ததில், 2024இல் யூஏ குறி 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டது. பழைய படத்தில் வெறும் “யூஏ” என்று இருந்தால் அது இம்மூன்றில் எதற்கும் சமம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

நாவல்களுக்கு இப்படியான அரச சான்று எதுவும் கிடையாது. அட்டையில் உள்ள “இளையோர்” என்ற சொல் பதிப்பாளர் விற்பனைக்காக இடும் பெயர். இப்போது பெரியவர்களுக்கான காதல் கலந்த ஃபேன்டஸி நாவல்களும் ஏறக்குறைய அதே மாதிரியான அட்டைகளோடு, கடையில் அதே தட்டுக்கு அருகிலேயே வைக்கப்படுகின்றன. வாள், கிரீடம், பூக்கள், பளபளக்கும் எழுத்து எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே 13 வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கவே முடியாத பாலியல் காட்சிகள் இருக்கும். அட்டையையும் முதல் மூன்று அத்தியாயங்களையும் வைத்து வயதைத் தீர்மானிப்பது இத்துறையில் மிக ஆபத்தான சோம்பல். கடைசிப் பக்கம் வரை வாசிக்காத நூலுக்கு வயதுப் பரிந்துரை எழுதாதீர்கள்.

5. வெளிநாட்டுச் சான்று சொல்லாதவற்றை நீங்கள் சொல்லவேண்டும்

என் கணிப்பில் இங்கிருந்து எழுதுவதற்கான முதன்மையான காரணம் இந்தப் படியில்தான் இருக்கிறது. வெளிநாட்டுத் தரச்சான்றுகள் வன்முறை, தகாத சொற்கள், பாலியல், போதைப்பொருள் ஆகியவற்றை அளக்கின்றன. பெரிய அலை எழுவதை அவை வன்முறையாகக் கருதுவதில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26இல் உறவுகளை இழந்த வீடுகள் நாவலடி முதல் மருதமுனை, காரைதீவு வரை கரையோரம் எங்கும் இருக்கின்றன. கல்லடியில் ஓர் உறவினர் வீட்டில் கடற்பயணப் படமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கப்பலைவிட உயரமாக அலை எழுந்த காட்சியில் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களின் அம்மம்மா எழும்பிக் குசினிக்குள் போனவர், படம் முடியும் வரை வரவில்லை. அந்தப் படத்துக்கு எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற சான்றுதான் வழங்கப்பட்டிருந்தது.

எனவே ஒவ்வொரு மதிப்புரைக்கும் பின்வருவனவற்றைக் கட்டாயம் சரிபார்க்கிறேன்: பேரலை, வெள்ளம், நீரில் மூழ்குதல், குண்டுவெடிப்பு, ஷெல் வீச்சு, இடம்பெயர்ந்து ஓடுதல், வழிபாட்டிடம் ஒன்றில் நடக்கும் தாக்குதல், காணாமல்போன பெற்றோரைத் தேடும் கதை. வழிபாட்டிடம் பற்றிய குறிப்பை ஏன் சேர்க்கிறேன் என்பது, 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத்தாக்குதலில் பிள்ளைகளையும் இழந்த இந்த ஊருக்கு விளக்கவேண்டியதில்லை. காணாமல்போன தந்தையைத் தேடிப் போகும் பிள்ளை சாகசக் கதைகளில் மிகச் சாதாரணமாக வரும். இறுதியில் தந்தை கிடைத்தும் விடுவார். இங்கே அந்த முடிவைச் சாதாரணமாகப் பார்க்க முடியாத வீடுகள் உண்டு. “பார்க்காதீர்கள்” என்று எழுதத் தேவையில்லை. இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும். முடிவை அந்த வீட்டார் எடுத்துக்கொள்வார்கள்.

மந்திரம், சூனியம், இறந்தவரை எழுப்புதல், விக்கிரக வழிபாடு போன்றவை ஃபேன்டஸியில் எப்போதும் வரும். சில இஸ்லாமிய, கிறிஸ்தவ, இந்துக் குடும்பங்களுக்கு இவற்றில் வெவ்வேறு ஆட்சேபங்கள் இருக்கும். கதையில் இவை எந்த அளவுக்கு, எப்படிச் சித்திரிக்கப்படுகின்றன என்பதை மட்டும் எழுதுங்கள். எது சரி என்று யாருக்கும் பாடம் எடுக்காதீர்கள். ஆட்சேபம் உள்ளவர்களைக் கேலி செய்யவும் வேண்டாம்.

6. எழுதும் முறை

மேலே ஒரு தகவற் பெட்டி வையுங்கள். படத்துக்கு: பெயர், இயக்குநர், ஆண்டு, ஓடும் நேரம், கிடைக்கும் மொழிகள், எந்த நாட்டின் எந்தச் சான்று. நூலுக்கு: பெயர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், ஆண்டு, பக்கங்கள், விலை, தொடரில் எத்தனையாவது பாகம், ஐஎஸ்பிஎன் (ISBN) எனப்படும் நூலின் சர்வதேச அடையாள எண். 13 இலக்கமுள்ள இந்த எண் கெட்டி அட்டைப் பதிப்புக்கு ஒன்றாகவும் மெல்லட்டைப் பதிப்புக்கு வேறொன்றாகவும் இருக்கும். கையிலுள்ள பிரதியிலிருந்தே பார்த்து எழுதுங்கள். இணையக் கடையில் பார்த்து எழுதினால் எண் ஒரு பதிப்பினதாகவும் பக்க எண்ணிக்கை வேறொரு பதிப்பினதாகவும் அமைந்துவிடும். 978-955 அல்லது 978-624 என்று தொடங்கினால் அது இலங்கையில் பதிவான நூல்.

உடற்பகுதிக்கு 500 முதல் 700 சொற்கள் போதும். கதைச்சுருக்கம் அதில் கால்வாசியைத் தாண்டக் கூடாது; படத்தின் முதல் 20 நிமிடங்களுக்கோ நாவலின் முதல் ஐந்திலொரு பங்குக்கோ அப்பால் நடப்பவற்றைச் சுருக்கத்தில் சொல்லாதீர்கள். பெரியவருக்கு மட்டும் தெரியவேண்டியவற்றை இறுதியில் “பெற்றோர் கவனத்துக்கு” என்ற தனிப் பெட்டியில் இடுங்கள்.

ஓர் உதாரணம் தருகிறேன். குகைக்குள் தொலைந்த தம்பியைத் தேடிச் செல்லும் இரு சகோதரிகளின் கதை என்று ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். “விறுவிறுப்பான திரைக்கதை, அபாரமான கிராபிக்ஸ், இறுதியில் வழிகாட்டிக் கிழவரே துரோகி என்று தெரியும்போது அதிர்ந்துபோகிறோம்” என்று எழுதினால் தாய்க்கு ஒன்றும் தெரியவில்லை, பிள்ளைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதையே இப்படி எழுதலாம்: “சகோதரிகள் இருவரும் எடுத்ததற்கெல்லாம் சண்டை பிடிக்கிறார்கள்; அந்தச் சண்டையே குகைக்குள் அவர்களைக் காப்பாற்றுகிறது என்பதை இயக்குநர் அவசரப்படாமல் காட்டுகிறார். நடுப்பகுதியில் பதினைந்து நிமிடம் இழுபடுகிறது.” பெற்றோர் பெட்டியில்: “47ஆவது நிமிடத்தில் இருட்டுக்குள் திடீரெனப் பாயும் வௌவால் கூட்டம், நாய் காயப்படுகிறது, சாகவில்லை, பிள்ளைகள் நம்பியிருந்த பெரியவர் ஒருவர் அவர்களை ஏமாற்றுகிறார்.” விலங்கு சாகிறதா இல்லையா என்பதை எப்போதும் எழுதுங்கள். மனிதர் இறப்பதைவிட நாய் இறப்பதைப் பற்றித்தான் தாய்மார் அதிகம் கேட்கிறார்கள்.

கற்பனை உலகத்துப் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்று ஒரு தாளில் குறித்து வைத்து, முதல் வரி முதல் கடைசி வரி வரை அப்படியே எழுதுங்கள். தமிழ் டப்பிங் அல்லது மொழிபெயர்ப்பு இருந்தால் அதிலுள்ள வடிவத்தையே பின்பற்றுங்கள்.

7. மேற்கோளும் படங்களும்

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்த இடமளிக்கிறது. எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் மூலத்தின் விற்பனை பாதிக்கப்படுமா என்பவையும் அதில் கவனிக்கப்படும். ஆகவே ஓரிரு வாக்கியங்களை மேற்கோள் குறியுடனும் பக்க எண்ணுடனும் தருவது சரி. ஓர் அத்தியாயத்தையே மொழிபெயர்த்துப் போடுவது சரியாகாது. நூலின் அட்டையை நீங்களே நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். பிள்ளைகள் சொன்னவற்றை எழுதும்போது பெற்றோரின் சம்மதத்தைப் பெற்று, வயதை மட்டும் குறிப்பிடுங்கள். பெயரும் பாடசாலையும் வேண்டாம். நூலைப் பதிப்பாளரோ ஆசிரியரோ இலவசமாகத் தந்திருந்தால் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

8. அனுப்புதல்

யுனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய கணினிகளில் இன்றும் பாமினி எழுத்துருதான் இருக்கும். அதில் அடித்த கோப்பு, எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். நான் யுனிகோடில் அனுப்பிய கட்டுரையொன்றை ஒரு வார இதழ் பாமினிக்கு மாற்றியபோது எழுத்துகள் இடம்மாறி, அப்படியே அச்சாகியும் விட்டது. எந்த வடிவில் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். மாற்றவேண்டியிருந்தால் நீங்களே மாற்றி, “கெ, கே, கொ, கோ” வரும் சொற்களையும் ஸ்ரீ, க்ஷ எழுத்துகளையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். வேர்ட் கோப்பாக அனுப்புங்கள். பிடிஎஃப் அனுப்பினால் ஆசிரியர் பீடத்தால் திருத்த முடியாது.

பத்திரிகைகளின் ஞாயிறு இணைப்புக்குக் குறைந்தது இரண்டு வாரங்கள் முன்னதாக அனுப்புவது நல்லது. பொது நூலகங்களும் பாடசாலைகளும் தேசிய வாசிப்பு மாதமான ஒக்டோபருக்கு மலர்கள் தயாரிப்பதால், அவற்றுக்கான நூல் மதிப்புரையை ஆகஸ்ட் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். விடுமுறைப் பரிந்துரை எழுதும்போது, முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தில் விடுமுறை என்பதையும் மற்றப் பாடசாலைகளின் விடுமுறை வேறு நாட்களில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஏப்ரலை மட்டும் கணக்கில் எடுத்தால் ஏறாவூர், காத்தான்குடி, அக்கரைப்பற்று வாசகர்களில் பலரைத் தவறவிடுவீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, எங்கும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். சன்மானம் உண்டா என்று அனுப்பும் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். உண்டென்றால் முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு விபரம் ஆகியவற்றைப் பிரசுரமான பின் தனியே அனுப்பலாம். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்பாதீர்கள். ஒரு மாதம் பதில் இல்லையென்றால், திரும்பப் பெறுவதாக ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்கு அனுப்புங்கள்.

9. பிரசுரமான பின்

அச்சுப் பிரதியின் பக்கத்தை ஸ்கேன் செய்து, நீங்கள் அனுப்பிய மூலக் கோப்போடும் நிமிடக் குறிப்புகளோடும் ஒரே கோப்புறையில் வையுங்கள். தொடரின் அடுத்த பாகம் இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து வரும்போது, முதற்பாகத்தின் பெயர் வடிவங்களும் வயதுப் பரிந்துரையும் தேவைப்படும். பிந்திய பாகங்களில் வன்முறை கூடிக்கொண்டே போவது இத்தகைய தொடர்களின் இயல்பு என்பதால், முதற்பாகத்துக்குச் சொன்ன வயதை அடுத்ததற்கு அப்படியே இறக்கி எழுதாமல், வாசித்து முடித்த பின் புதிதாகத் தீர்மானியுங்கள்.